பத்து வரை எண்ணினார்

அத்தியாயம் 14

போன வாரம் அப்பாவின் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துப் பெரியவளும் சின்னவனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பிலிருந்து வாணலியைத் துணியில்லாமல் இறக்கிவிட்டார், அவ்வளவுதான். முப்பத்து நாலு வருடம் பேக்கரி அடுப்பின் முன்னால் நின்ற கை அது. கொதிக்கும் தட்டை வெறும் விரலால் இழுப்பார் என்பது அந்த வீட்டின் பெருமை. "இரும்புக் கைக்கே கொப்புளமா!" என்று சின்னவன் கேலி செய்தான். பெரியவள் களிம்பு தடவினாள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

பெரியவள் லேபில் இருந்தாள். காலையில் எடுத்த ரத்தக் குழாய்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு முறை அடித்து நின்றது. மூன்றாவது முறை கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள்.

"நாய் ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேங்க. ஒரு பெரியவர் நாயைத் தூக்கிட்டு வந்திருக்காரு. உங்க நம்பரைத்தான் காட்டினாரு."

"அப்பாகிட்ட குடுங்க."

"குடுத்தேங்க. வாங்க மாட்டேங்கறாரு."

அவள் மேற்பார்வையாளரிடம் ஒரு வரி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வாசலில் வெயில் முகத்தில் அறைந்தது. மணி பத்தே முக்கால்.

ஆட்டோவில் போகும்போது ரஸ்க்கின் வயதைக் கணக்குப் போட்டாள். ஒன்பது. பேக்கரியின் பின்வாசலில், மாவு மூட்டைகளுக்கு நடுவே பிறந்த குட்டி. நிறத்தைப் பார்த்து அப்பா வைத்த பெயர். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்பா யாரோடாவது பேசுகிறார் என்றால் அது அதனோடுதான்.

அம்மா இறந்த மாதமே அப்பாவுக்கும் சின்னவனுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. உடம்பு நன்றாக இருக்கும் வரை அப்பா பழைய வீட்டிலேயே ரஸ்க்கோடு இருக்கலாம். உடம்புக்கு ஏதாவது வந்தால் மறுபேச்சில்லாமல் சின்னவனின் பதினோராவது மாடிக்கு வந்துவிட வேண்டும். அந்தக் கட்டடத்தில் நாய்க்கு இடமில்லை. பெரியவளின் வீட்டில் மாமியாருக்கு மூச்சிரைப்பு. நாய் முடி ஆகாது. ஆக, அப்பாவின் உடம்புதான் ரஸ்க்கின் வீடு.

ஆஸ்பத்திரி என்றால் முன்னால் ஒரு கூடம், பின்னால் இரண்டு அறைகள். கூடத்துப் பெஞ்சின் ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுவதும் நாய் முடி. இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. இன்னும் எதையோ ஏந்திக்கொண்டிருப்பவை போல.

"அப்பா."

நிமிர்ந்தார். "உள்ளே வெச்சிருக்காங்க."

"என்ன ஆச்சு?"

"உள்ளே வெச்சிருக்காங்கம்மா," என்றார் மறுபடியும்.

எதிரே மடியில் பூனைக்கூடையோடு ஒரு பெண்மணி. யாரும் கேட்காமலே, "இந்த வெயில்ல மனுஷனே வெளிய தலை காட்டமாட்டான். வாயில்லாத ஜீவனை இழுத்துட்டுப் போயிருக்காரு," என்று பூனையிடம் சொன்னாள். அப்பா காதில் விழாதது போல இருந்தார். காது சிவந்தது.

டாக்டர் வெளியே வந்தாள். பெரியவளைவிட நாலைந்து வயது குறைவாக இருப்பாள். முன்கையெல்லாம் ஈரம்.

"நீங்கதான் பொண்ணா? லேப்ல வேலைன்னு சொன்னாரு. நேராவே சொல்லிடறேன். வர்றப்போ உடம்புச் சூடு நாப்பத்தொண்ணரை டிகிரி, நாய்க்கு முப்பத்தொம்பதுக்கு மேல போகக் கூடாது. தண்ணி ஊத்தி, ஃபேன் வெச்சு இறக்கிட்டிருக்கோம். டிரிப்ஸ் ஏறுது. சிறுநீரகம் தாங்குதான்னு நாளைக்குச் சாயங்காலம்தான் தெரியும்."

"பிழைச்சுக்குமா?"

"தெரியாது," என்றாள் டாக்டர். பெரியவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்கள் குறைவு.

"இன்னொண்ணு. நாலு பாதமும் வெந்திருக்கு. பின்னங்கால்ல தோலே உரிஞ்சு வந்துடுச்சு. எங்கே நடந்துச்சு?"

"பார்க்ல," என்றார் அப்பா. "புதுசாப் போட்டிருக்காங்களே, கறுப்புப் பாதை. ஓடறவங்களுக்கு."

"அந்த ரப்பர் பாதையா? எத்தனை மணிக்கு?"

"எப்பவும் ஆறு மணிக்குப் போயிடுவோம். இன்னைக்கு மரம் வெட்டறோம்னு கேட்டைப் பூட்டிட்டாங்க. ஒன்பதரைக்குத்தான் தெறந்தாங்க. இது வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போகாது டாக்டர். எத்தனை நேரமானாலும் அடக்கிக்கும். பாவமா இருந்துச்சு."

"தரையைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அப்பா பெரியவளைப் பார்த்தார். வெயில் காலம் தொடங்கியதுமே அவள்தான் ஒரு தாளில் எழுதி வாசல் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தாள். ரஸ்க்கை வெளியே கூட்டிப் போகும் முன் தரையில் கையை வைத்து ஏழு எண்ணவும், சுட்டால் உடனே திரும்பி வரவும் என்று.

"நீ ஏழுன்னு எழுதியிருந்தே. நான் பத்து வரைக்கும் எண்ணினேன்," என்றார் அப்பா. "சத்தியமா எண்ணினேம்மா. ஒண்ணும் சுடலை."

பூனைக்காரப் பெண்மணி உச்சுக்கொட்டினாள்.

"போகப் போக அது துள்ளித் துள்ளி நடந்துச்சு. ரொம்ப நேரம் வீட்டுக்குள்ளேயே அடைச்சு வெச்சுட்டோமே, அந்தக் குஷியில விளையாடுதுன்னு நெனச்சேன். அப்புறம் உக்காந்துடுச்சு. அடம் பிடிக்குதுன்னு இழுத்தேன்." அவர் தம் கைகளைப் பார்த்தார். "இழுத்துட்டேன்."

டாக்டர் உள்ளே போனாள்.

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவதா தேற்றுவதா என்று தெரியவில்லை. சின்னவனுக்குச் செய்தி மட்டும் அனுப்பினாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்தக் கட்டடத்தின் எந்த மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கிறானோ. உடனே பதில் வந்தது. 'பத்து மணி வெயில்லயா???' மூன்று கேள்விக்குறி. பிறகு, 'வரேன்.'

உதவிக்கு நிற்கும் பெண் ஒரு துணியோடு வந்து தரையைத் துடைத்தாள். வாசலிலிருந்து பெஞ்சு வரை ஓரிரண்டு அடி இடைவெளியில் சிவப்புத் தீற்றல்கள்.

"பாதம் ரொம்பக் கிழிஞ்சிருக்குதுங்க பாவம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்துவிட்டுப் போனாள்.

பெரியவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ இடித்தது. ரஸ்க்கை அப்பா தூக்கிக்கொண்டுதானே வந்தார்? தூக்கிவந்த நாயின் பாதம் தரையில் எப்படிப் பட்டிருக்கும்?

அவள் வருவதற்கு முன்பே ரஸ்க் உள்ளே போயாகிவிட்டது. ஆனால் பெஞ்சுக்கு அடியில், துடைத்த இடத்தில், மறுபடி ஒரு சொட்டு. புதியது. இன்னும் உறையாதது. ரத்தம் எத்தனை நேரத்தில் உறையும் என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்பா, செருப்பு எங்கே?"

"பார்க்லயே விட்டுட்டேன். அதைத் தூக்கினப்போ வார் அறுந்துடுச்சு. யாரு நின்னு பாக்கறது?"

"வெறுங்கால்லயா வந்தீங்க? அந்தப் பாதையிலயும்?"

"பாதையில முக்கால் சுத்து. அப்புறம் ரோடு."

"காலைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்கப்பா."

அவர் தூக்கினார். வலது பாதத்தின் நடுவில் பாட்டில் சில்லு ஒன்று, கட்டைவிரல் நகம் அளவுக்கு, சாய்வாக ஏறியிருந்தது. அதைச் சுற்றிப் பாதம் முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளங்கள். இடது பாதத்தில் இரண்டு கொப்புளங்கள் உடைந்து தோல் சுருண்டிருந்தது.

அப்பா குனிந்து தம் பாதத்தைப் பார்த்தார். வேறொருவருடைய பாதத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"இது எப்ப?" என்றார்.

பூனைக்காரப் பெண்மணி வாயை மூடிக்கொண்டாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து தள்ளிப் போய் நின்றாள்.

"கையைக் குடுங்க," என்றாள் பெரியவள்.

அப்பாவின் கையைக் கடைசியாக எப்போது பிடித்தாள்? களிம்பு தடவியபோது பிடித்தாள். பிடித்தும் பார்க்கவில்லை. பேக்கரியை விட்டு நாலு வருடமாகிவிட்டது. காய்ப்பெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. பஞ்சு மாதிரி இருந்தது உள்ளங்கை. இந்தத் தோலுக்குச் சூடு உறைக்காமல் போக நியாயமே இல்லை.

"அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நான் விரலைத் தொடுவேன். எந்த விரல்னு சொல்லணும்."

"என்ன விளையாட்டு இது?"

"திரும்புங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து, முனையை மூடியபடியே, அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் வைத்தாள். அழுத்தினாள். தோல் குழிந்து வெளுத்தது.

அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள்.

"ம், தொடேன்," என்றார் அப்பா.

அவள் பேனாவை எடுக்கவில்லை.

சர்க்கரை வந்து பதினோரு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளே வந்து ரத்தம் எடுப்பாள். அளவு கட்டுக்குள்தான் இருந்தது. போன முறைகூட 'பாஸ் பண்ணிட்டீங்கப்பா' என்று சொன்னாள். தாளில் வரும் அளவைப் பார்த்தாள், பாதத்தைப் பார்க்கவில்லை. நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்ததை வீடே சேர்ந்து இரும்புக் கை என்று கொண்டாடியிருக்கிறது. இத்தனை பேர் இருக்கும் ஊரில், கையை வைத்துச் சூடு பார்க்கச் சொல்ல அவளுக்கு இவர்தான் கிடைத்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

அப்பா திரும்பினார். பேனா விரலில் அழுந்தியிருப்பதைப் பார்த்தார். பார்த்த பிறகு மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார்.

"தெரியலை. சட்டைப் பொத்தான் போட முடியலை, ஆறு மாசமா. வயசாகுதுன்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? பொத்தான் போட முடியலைன்னு பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுவாங்களா?"

டாக்டரே வந்து குனிந்து பாதத்தைப் பார்த்தாள். "நான் மனுஷங்களைப் பார்க்கறதில்லை. கழுவிக் கட்டு மட்டும் போடறேன். சில்லை நான் எடுக்க மாட்டேன். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நாளைக்குன்னு தள்ளாதீங்க," என்றாள். உதவிப் பெண் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்தாள். கட்டுப் போட்ட பாதங்கள் அதற்குள் பாதிதான் நுழைந்தன.

உள்ளே ரஸ்க்குக்கும் நாலு பாதங்களிலும் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கூடத்து வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சின்னவன் வர்றானா?" என்று கேட்டார்.

"வந்துட்டே இருக்கான்."

"நீ ஒண்ணு பண்ணும்மா. அசட்டையா இருந்துட்டார்னு சொல்லிடு. தொட்டே பாக்கலைன்னு சொல்லிடு."

"அப்பா!"

"அசட்டைன்னா கத்துவான். அரை மணி நேரம் கத்துவான், நான் தலையைக் குனிஞ்சுக்குவேன், முடிஞ்சு போகும். கை செத்துப் போச்சுன்னு சொன்னா முடியாது. அன்னைக்கே அடுப்பைப் பிடுங்கிடுவான். வீட்டைப் பூட்டிடுவான். அப்புறம் இது..." அறைக் கதவைப் பார்த்தார். "இது பிழைச்சு வந்தா எங்கே போகும்?"

"கால்ல கண்ணாடி இருக்குப்பா."

"எடுத்துக்கறேன். நீயே கூட்டிட்டுப் போ. அவனுக்குத் தெரிய வேண்டாம். உன்கிட்ட இதுவரைக்கும் எதையும் கேட்டதில்லை."

உண்மைதான். அவள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு அவர் செய்திருக்கிறார். திருப்பி ஒன்றும் கேட்டதில்லை. இன்று கேட்பது ஒரு பொய். அதுவும் தம் பெயரைத் தாமே கெடுத்துக்கொள்ளும் பொய்.

சின்னவன் வரும்போது மணி ஒன்றாகியிருந்தது. மசகு படிந்த சீருடையோடு அப்படியே வந்திருந்தான். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. கூடத்துக்குள் நுழையும் முன்பே குரல் நுழைந்துவிட்டது.

"எந்தப் பைத்தியக்காரனாவது இந்த வெயில்ல நாயைக் கூட்டிட்டுப் போவானா? என்னப்பா நீங்க? வீட்டு மனுஷங்களைக் காட்டிலும் அது மேல உசுரா இருக்கீங்கன்னு நெனச்சேன்!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அக்கா கதவுலயே எழுதி ஒட்டியிருக்கா. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா? கையைத் தரையில வெச்சுப் பாக்க எத்தனை நேரமாகும்? குனியறதுக்கு அவ்வளவு சோம்பேறித்தனமா?"

"தப்புதான்டா," என்றார் அப்பா.

"தப்புதான்னா ஆச்சா? அம்மா இருந்திருந்தா உங்களை..." அவன் முடிக்கவில்லை. அவன் கண்ணும் கலங்கியிருந்தது. ரஸ்க் குட்டியாக இருந்தபோது அவனுடைய வேலைப் பையில்தான் தூங்கும். "அக்கா, நீ சொல்லு. தரையைத் தொட்டுப் பாத்தாரா, இல்லையா?"

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

லேபில் அவளிடம் எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர வேண்டும், ரிப்போர்ட்டில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள் என்று. மாற்றியதில்லை. ஆனால் அவர்கள் யாரும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பேக்கரியைச் சுற்றிக் காட்டியவர்கள் இல்லை.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினால் போதும். சின்னவன் இன்னும் பத்து நிமிடம் கத்துவான். அப்பா வீட்டுக்குப் போவார். நாளைக் காலை அடுப்பைப் பற்ற வைப்பார். பால் பொங்கும். பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார். ஒரு நாள் சட்டையில் நெருப்புப் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியவரும்.

"தொட்டுப் பாத்தாரு," என்றாள். "ஏழுக்குப் பத்தா எண்ணியிருக்காரு. அவருக்குச் சுடறது தெரியலைடா."

"தெரியலைன்னா?"

"கையில உணர்ச்சி இல்லை. கால்லயும் இல்லை. அந்தக் கொப்புளமும் அதனாலதான். சர்க்கரையால நரம்பு போயிருக்கு. நான் பாத்திருக்கணும்."

சின்னவன் புரியாமல் அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தரையில் மண்டியிட்டு, பெஞ்சுக்கு அடியிலிருந்து அப்பாவின் காலை வெளியே எடுத்தான். ரப்பர் செருப்பு தானாகக் கழன்று விழுந்தது. கட்டின் நடுவில் ரத்தம் ஊறி வட்டமாகப் பரவியிருந்தது.

அவன் கத்தவில்லை. பெரியவள் அவன் கத்த மாட்டானா என்று காத்திருந்தாள்.

"கிளம்புங்கப்பா," என்றான், அப்பாவிடம் அவன் பல வருடமாகப் பேசாத ஒரு மெல்லிய குரலில். "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். அப்புறம் நம்ம வீட்டுக்கு."

"என் வீட்டுக்கு," என்றார் அப்பா.

அவன் அப்பாவின் பாதத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தான்.

அப்பா பெரியவள் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். "பாத்ததை எழுதற பொண்ணு," என்றார் அவர், சின்னவனிடம் அறிமுகப்படுத்துவது போல. "மாத்தி எழுத மாட்டா." அதில் பெருமை எவ்வளவு, கசப்பு எவ்வளவு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அறைக் கதவு திறந்தது. உதவிப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணைத் தெறந்திருக்கு. தெரிஞ்ச குரல் யாராவது பக்கத்துல இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றாங்க."

அப்பா எழுந்தார். சின்னவன் ஒரு பக்கம் தாங்கினான், பெரியவள் மறுபக்கம். மூன்று பேருமாக அந்தச் சின்ன அறைக்குள் போனார்கள். டாக்டர் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

எஃகு மேஜையில் ஈரத் துணியின் மேல் ரஸ்க் பக்கவாட்டில் படுத்திருந்தது. முடி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்ததில் பாதி நாயாகத் தெரிந்தது. அப்பாவைக் கண்டதும் வால் நுனி மேஜையில் ஒரு தட்டுத் தட்டியது. ஒன்றே ஒன்று.

"ஏய், ரஸ்க்கு," என்றார் அப்பா. "வந்துட்டேன்டா."

குனிந்து அதன் கழுத்தில் கையை வைத்தார். பிறகு வயிற்றில். பிறகு காதை உள்ளங்கைக்குள் எடுத்துக்கொண்டார். நெற்றி சுருங்க, இருட்டில் பொருளைத் துழாவுகிறவர் போல, கையை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

கடைசியில் கையை எடுத்துவிட்டு நகர்ந்து பெரியவளுக்கு இடம் விட்டார்.

"சூடு இறங்கியிருக்கா பாரும்மா," என்றார். "எனக்குத் தெரியலை. நீ தொட்டுச் சொல்லு."

சின்னவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பெரியவள் ரஸ்க்கின் காதைத் தொட்டாள். அடிவயிற்றைத் தொட்டாள். உதட்டை விலக்கி ஈறில் விரலை வைத்து எடுத்தாள். வெளுத்த இடத்துக்கு நிறம் திரும்பி வரச் சுணங்கியது; ரத்தம் சரியாக ஓடவில்லை.

"இறங்கியிருக்குப்பா," என்றாள்.

அது உண்மைதான். இறங்க வேண்டியதற்கும் கீழே இறங்கியிருந்தது. காது சில்லிட்டுக் கிடந்தது.

அவள் டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் ஏற்கெனவே பேனாவைப் போட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தாள்.